ஸ்டெப்னி

கல்லூரி கால்பந்து அணியில் என் பெயர் ஸ்டெப்னி. அணியில் இரண்டு கோல்கீப்பர்கள், நான் இரண்டாவது. மூன்று வருஷத்தில் நான் ஆடியது நாலே நாலு மேட்ச். கார் டிக்கியில் படுத்துக் கிடக்கும் சக்கரத்தின் பெயரை எனக்கு வைத்தவன் முதல் கீப்பர். என் ரூம்மேட், இன்றுவரை நெருங்கிய நண்பன். கோபமே வரவில்லை என்று சொன்னால் பொய். 1968-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தபோது கோலில் நின்றவர் பெயர் அலெக்ஸ் ஸ்டெப்னி என்று பல வருஷம் கழித்துத் தெரிந்ததும் அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இதை எழுத வைத்தது அவன் அல்ல, ஒரு மீம். கால்பந்து குரூப் எதிலாவது இருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மான்செஸ்டர் சிட்டியின் மூன்றாம் கீப்பராக இருந்த ஸ்காட் கார்சன் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்பார். மேலே ஒரு வரி: உலகத்துலயே பெஸ்ட் வேலை, சும்மா உக்காந்து சம்பளம். கீழே வரிசையாக நெருப்பு எமோஜி. பத்து வருஷமாக ஒரே ஜோக். பெயர் மட்டும் மாறும்.

எனக்கு இந்த ஜோக் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் கார்சன். 2019 முதல் 2025 வரை சிட்டியில் இருந்தார். ஆடியது இரண்டு மேட்ச். அதில் ஒன்று, 2021 மே மாதம் லீக் பட்டம் உறுதியான பிறகு நியூகாசிலுக்கு எதிராக. பிரீமியர் லீகில் அவர் ஆடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அன்று ஜோ வில்லக் அடித்த பெனால்டியைத் தடுத்தார். திரும்பிய பந்தை வில்லக்கே உள்ளே தட்டிவிட்டார். சிட்டி 4-3 என்று ஜெயித்தது. இது மீமுக்குத் தோதான கதைதான்.

மீமில் இல்லாத கதை 2007 நவம்பரில் நடந்தது. வெம்பிளியில் குரோஷியாவோடு ஆட்டம். தோற்காமல் இருந்தாலே இங்கிலாந்துக்கு யூரோ 2008-இல் இடம். 22 வயது கார்சனைத் திடீரென்று முதல் கீப்பராக இறக்கினார்கள். எட்டாவது நிமிஷம், தூரத்திலிருந்து கிராஞ்சார் அடித்த பந்து முன்னால் குத்தி எழும்பி, கையில் பட்டு உள்ளே போனது. 3-2 தோல்வி, இங்கிலாந்து யூரோவுக்குப் போகவில்லை. ஒரு தேசமே வைத்துத் திட்டிய பையன் அதற்கப்புறம் வெஸ்ட் பிராம், துருக்கியில் பர்சாஸ்போர், விகன், டெர்பி என்று பல வருஷம் மழையிலும் சேற்றிலும் நின்று ஆடியிருக்கிறான். அதெல்லாம் முடிந்த பிறகு கிடைத்த நாற்காலியைக் காட்டி "சும்மா உக்காந்து சம்பளம்" என்கிறோம்.

அந்த நாற்காலி ஏன் இருக்கிறது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பிரீமியர் லீக் அணிப் பட்டியலில் 25 பேர். அதில் உள்ளூர்க் கிளப்புகளில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மீதி எட்டு இடத்துக்கு ஆள் வேண்டும். நல்ல இங்கிலாந்து ஃபார்வர்டு யானை விலை, குதிரை விலை. அனுபவமுள்ள ஒரு இங்கிலாந்து கோல்கீப்பர் அந்த எட்டில் ஒன்றை மலிவாக நிரப்பிவிடுவார். மூன்றாம் கீப்பரை எடுப்பதில் பாதி, படிவம் பூர்த்தி செய்கிற வேலை. சிரிப்பதாக இருந்தால் இதைப் பார்த்துச் சிரிக்கலாம்.

சரி, சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்கள்? பயிற்சியில் ஃபார்வர்டுகள் ஷூட்டிங் பழகும்போது, "இன்னும் இருபது பால்" என்று அவர்கள் கேட்கும்போது, யார் கோலில் நிற்பது? முதல் கீப்பரின் உடம்பைப் பாதுகாக்க வேண்டும், மற்றவர்கள்தான் விழுந்து எழ வேண்டும். மேட்ச் அன்றைக்கு வார்ம்-அப்பில் முதல் கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுப்பது, கிராஸ் போடுவது, அவனுடைய கை சூடாகிறவரை கூட நிற்பது இரண்டாமவனின் வேலை. விசில் ஊதினால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போக வேண்டும்.

மற்ற மாற்று வீரர்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. மேட்ச் 70 நிமிஷம் ஆனால் கோச் திரும்பிப் பார்ப்பார். இப்போது ஐந்து பேரை மாற்றலாம் என்று விதியே தளர்ந்துவிட்டது. கீப்பருக்கு அந்தத் தளர்வால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. முன்னால் நிற்பவன் விரல் உடைய வேண்டும், இல்லையென்றால் அவன் ரெட் கார்டு வாங்க வேண்டும். அப்போதுதான் இவன் உள்ளே போக முடியும். கூட்டாளிக்குக் கெட்டது நடக்காதா என்று மனசின் ஒரு மூலை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை இது. நான் என் நண்பனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவன் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

மீம் போடுபவர்களைக்கூட மன்னிக்கலாம். எனக்கு அதிக எரிச்சல் எதிர்க்கட்சியின் மேல். கண்ணில் நீர் தளும்ப "பொறுமைக்குப் பலன் உண்டு" என்று பதிவு போடுகிறவர்கள். காத்திரு, உன் நேரம் வரும், அன்றைக்கு உலகம் உன்னைப் பார்க்கும். இந்தக் கோஷ்டிக்கு 2014 உலகக் கோப்பையின் டிம் க்ரூல்தான் குலதெய்வம். கோஸ்டாரிகாவோடு காலிறுதி, கடைசி நிமிஷத்தில் பெனால்டிக்காகவே உள்ளே வந்தார், இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து ஜெயித்தது. நல்ல கதைதான். அந்த உலகக் கோப்பையில் அவர் ஆடியது அவ்வளவுதான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அர்ஜென்டினாவோடு அரையிறுதியும் பெனால்டிக்குப் போனது. மாற்று வீரர்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்ததால் க்ரூல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நெதர்லாந்து தோற்றது.

கிளப் கால்பந்தில் கூய்வின் கெலஹரை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துப் பையன், 2015-இல் லிவர்பூலுக்கு வந்தவன். 2022 பிப்ரவரி 27, லீக் கோப்பை இறுதிப் போட்டி, எதிரில் செல்சி. முதல் கீப்பர் அலிசன் நல்ல உடல்நிலையோடு பெஞ்சில் இருக்க, கோச் க்ளாப் கெலஹரை இறக்கினார். கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போனது. இரண்டு பக்கமும் ஒருவர்கூடத் தவறவிடவில்லை, பத்துப் பத்து பேர் அடித்து முடித்துக் கீப்பர்களே அடிக்க வேண்டிய கட்டம். கெலஹர் உள்ளே அடித்தார். செல்சி கீப்பர் கெபா வானத்துக்கு அடித்தார். 11-10.

பொறுமைக்குப் பலன் இதைவிட என்ன வேண்டும்? அலிசன் காயப்பட்டபோதெல்லாம் வந்து கோலைக் காத்தார் கெலஹர். முதல் கீப்பராக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2024 ஆகஸ்டில், அடுத்த பருவத்துக்காக, லிவர்பூல் வலென்சியாவிலிருந்து மமார்தஷ்விலியை வாங்கியது. 2025-இல் கெலஹர் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார். பத்து வருஷம் காத்திருந்தவனுக்கு வந்த நேரம் இன்னொரு கிளப்பில் இருந்தது. லிவர்பூலைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வியாபாரம் அவர்களுக்கு. காத்திருந்தால் வரும் என்று சொன்ன நம் வாயைத்தான் குறை சொல்ல வேண்டும்.

காத்திருப்பை நான் மதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்குக் கூலி உண்டு. லீக் முதல் கீப்பருக்கு, கோப்பை ஆட்டங்கள் இரண்டாம் கீப்பருக்கு என்று பல கிளப்புகளில் ஒரு பேச்சு இருக்கிறது. ஜனவரிக் குளிரில், சின்ன ஊர் மைதானத்தில், கீழ் டிவிஷன் அணியோடு ஆடும் ஆட்டம். டிவியில்கூட வராது. இரண்டாமவனுக்கு அதுதான் வேலை, அதுதான் வாழ்க்கை. என் வாதம் இவ்வளவுதான்: அந்தப் பேச்சு இறுதிப் போட்டிக்கும் பொருந்த வேண்டும். முதல் சுற்றிலிருந்து அரையிறுதிவரை ஒருவனை நிற்க வைத்து, வெம்பிளி வந்ததும் "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்பது திருட்டு.

2013-இல் சிட்டி இதைச் செய்தது. எஃப்.ஏ. கோப்பையில் ருமேனியாக்காரர் கோஸ்டெல் பாண்டிலிமான் கோலில் நின்றார். அரையிறுதியில் செல்சியைத் தோற்கடித்த அன்றும் அவர்தான். இறுதிப் போட்டியில் விகன். கோச் மான்சினி ஜோ ஹார்ட்டை இறக்கினார். விகன் கடைசி நேரத்தில் ஒரு கார்னரிலிருந்து கோல் போட்டு 1-0 என்று ஜெயித்தது. இரண்டே நாளில் மான்சினிக்கு வேலை போனது. அது வேறு காரணங்களுக்காக. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்து வந்தவர் பெல்லெக்ரினி. 2014 லீக் கோப்பை இறுதியில் அதே பாண்டிலிமானை நிற்க வைத்தார், சிட்டி ஜெயித்தது. 2016-இல் கதை இன்னும் கடினம். வில்லி கபயேரோ கோப்பைக் கீப்பர். இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு எஃப்.ஏ. கோப்பையில் செல்சியிடம் 5-1 என்று அடி வாங்கியிருந்தார். ஹார்ட்டை இறக்கு என்று ஒரே கூச்சல். பெல்லெக்ரினி அசையவில்லை. லிவர்பூலோடு 1-1, பெனால்டி. லூகாஸ், கூட்டினியோ, லல்லானா என்று மூன்று பேரின் பந்தையும் கபயேரோ தடுத்தார்.

"ஜெயிச்சதால பேசுற. தோத்திருந்தா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் கார்டியோலா சிட்டியின் இரண்டாம் கீப்பர் ஸ்டெஃபனை இறக்கினார். தனக்கு வந்த பந்தை அவர் நிதானமாக நிறுத்த, மானே பாய்ந்து வந்து பந்தோடு கோலுக்குள் சறுக்கினார். லிவர்பூல் 3-2. அந்த ஒரு கோல்தான் வித்தியாசம். இணையம் ஸ்டெஃபனைப் பொரித்து எடுத்தது. எனக்கும் வலித்தது, சிட்டிக்காக இல்லை.

இரண்டாம் கீப்பரை ஆடவிட்டால் சில சமயம் கோப்பை போகும். போகட்டும் என்கிறேன். தோற்காது என்ற உத்தரவாதத்தோடுதான் வாக்குக் கொடுப்பேன் என்றால் அதற்கு வாக்கு என்று எதற்குப் பெயர்? மறு வருஷம் கார்டியோலா பழைய ஏற்பாட்டை மாற்றவில்லை. 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதியில், மூன்று கோப்பை கனவு கையில் இருக்கும்போது, எடர்சனை உட்கார வைத்து ஒர்டேகாவை இறக்கினார். யுனைடெட்டை 2-1 என்று ஜெயித்தார்கள்.

கபயேரோவை மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரி, லீக் கோப்பை இறுதி, இப்போது அவர் செல்சியின் இரண்டாம் கீப்பர், 37 வயது. எதிரில் அவருடைய பழைய சிட்டி. கூடுதல் நேரம் முடியப்போகிறது, முதல் கீப்பர் கெபாவுக்குத் தசைப்பிடிப்பு, பெனால்டி வரப்போகிறது. கோச் சார்ரி கபயேரோவைக் கூப்பிட்டார். மைதானக் கோட்டுக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறார். கெபா வெளியே வர மறுத்தார். விரலை ஆட்டி, முடியாது என்றார். சார்ரி கத்தினார், சுரங்கப் பாதைப் பக்கம் நடந்தார், திரும்பி வந்தார். அந்தக் காணொளியை எத்தனையோ கோடிப் பேர் பார்த்திருப்பார்கள், எல்லாரும் கெபாவையும் சார்ரியையும்தான் பார்த்தார்கள். நான் கபயேரோவைப் பார்த்தேன். ஆளை மாற்றினால் உள்ளே ஓட வேண்டும், மாற்றாவிட்டால் திரும்பி நடக்க வேண்டும், இரண்டுமில்லாமல் அங்கேயே நின்றார். கெபா ஆடினார், செல்சி பெனால்டியில் தோற்றது. மூன்று நாள் கழித்து டாட்டன்ஹாமோடு லீக் மேட்ச். அன்று கபயேரோ கோலில் நின்றார், 2-0, ஒரு கோலும் விடவில்லை. அந்தக் காணொளியை யாரும் ஷேர் செய்வதில்லை.

உலகிலேயே அதிக விலைக்குப் போன கோல்கீப்பர் கெபா பிற்பாடு தானே இரண்டாம் கீப்பரானார். 2022-இல் வானத்துக்கு அடித்தாரே, அன்று அவர் கூடுதல் நேரத்தின் கடைசியில் மென்டிக்குப் பதிலாக, பெனால்டிக்காகவே உள்ளே வந்தவர். கோட்டுக்குப் பக்கத்தில் காத்து நின்ற அந்தச் சில விநாடிகளில் அவருக்குக் கபயேரோ ஞாபகம் வந்திருப்பாரா?

என்னுடைய நாலு மேட்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்றாம் வருஷத்தில். நண்பனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது, டைஃபாய்டு. காலிறுதியும் அரையிறுதியும் நான் ஆடினேன், ஒரு கோல் விட்டேன். அரையிறுதி முடிந்ததும் கோச் சார் தோளில் கை போட்டு, "ஃபைனல் நீதான்டா" என்றார். ஃபைனலுக்கு முந்தின நாள் நண்பன் கிரவுண்டுக்கு வந்தான், எலும்பும் தோலுமாக. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ புரிஞ்சுப்ப" என்றார். புரிந்துகொண்டேன். ஒன்றுக்கு பூஜ்யம், ஜெயித்தோம். குரூப் போட்டோவில் என் கிளவுஸ் மட்டும் அவ்வளவு சுத்தம்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது நண்பனுக்கு ஃபோன் செய்தேன். "அன்னைக்கு நீ வராம இருந்திருந்தா நான்தான் ஆடியிருக்கணும், சார் வாக்குக் குடுத்திருந்தார்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்: "டேய், எனக்கு நிக்கக்கூட முடியல அன்னைக்கு. நீ மாட்டேன்னு சொல்லிட்டதா சார் சொன்னாரு. அதனாலதான்டா வந்தேன்."