வரம்பில் நடக்கக் காசு, வரம்பு கட்டியவனுக்குக் கடன்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெருநாள் லீவு வந்தால் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே விளம்பரம்தான். "பண்ணை வாழ்க்கையை அனுபவியுங்கள்." வயலுக்கு நடுவில் சொகுசு ரிசோர்ட். நீச்சல் தடாகத்தில் இறங்கினால் எதிரே பச்சை வேளாண்மை. காலையில் மாட்டு வண்டிச் சவாரி, பகல் தாமரை இலையில் சோறு, பின்னேரம் வரம்பில் நின்று போட்டோ. "கமக்காரன் குடில்" என்று பெயர் வைத்த அறைக்குள் ஏசி.

ஓய்வு எடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க உழைக்கிற மனிதன் மனைவி பிள்ளைகளோடு இரண்டு நாள் வெளியே போவது நல்ல காரியம். எங்கள் கேள்வி வேறு. அங்கே விற்கப்படுவது என்ன? அதை உண்டாக்கியவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

அம்பாறை மாவட்டத்தில் பிறந்த எங்களுக்கு வயலைக் காட்டி விலை பேசுகிறார்கள் என்பதே முதல் வேடிக்கை. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியதற்கு முன்பும் பின்பும் இந்த மண் நெல் விளைந்த மண். அந்த "குடில்" எங்கள் வட்டையில் இருந்த வாடிதான். நம் மூத்தாப்பாமார் அதில் படுத்தது சுகத்துக்கு அல்ல. யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கப் படுத்தார்கள். இன்றைக்கும் கையில் யானை வெடியோடு இரவு முழுக்க விழித்திருக்கிற விவசாயி நம் ஊரில் இருக்கிறார். விளம்பரப் படத்தில் அவர் இல்லை. அடகு வைத்த நகைத் துண்டு இல்லை. பசளைக் கடைக் கொப்பி இல்லை. 2021இல் ஒரே அறிவிப்பில் இரசாயனப் பசளையை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்களே, அந்த இடைவெளியில் மஞ்சளாகிப் போன வேளாண்மையும் அந்தப் படத்தில் இல்லை. பச்சையை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் கூடின இடங்களும் உண்டு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை 120 ரூபாய். அந்த விலைக்கு 60,000 ரூபாய் என்றால் 500 கிலோ நெல். இரண்டு இரவு என்றால் 1,000 கிலோ. ஏக்கருக்கு 1,800 கிலோ விளைந்தது என்று வைத்தாலும், நீங்கள் இரண்டு இரவு "வயலைப் பார்த்த" காசு ஒரு விவசாயியின் அரை ஏக்கர் விளைச்சலை விடக் கூட. அதுவும் உழவு, விதை, பசளை, எண்ணெய், வெட்டு மெசின் கூலி எதையும் கழிக்காத கணக்கு. அவருக்கு அது மூன்றரை மாத உழைப்பு. நெல்லுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்டால் "அரிசி விலை ஏறிவிடும்" என்று கத்துகிற நாம், நெல்லைப் பார்ப்பதற்கு மட்டும் விலை பேசாமல் கொடுக்கிறோம்.

மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. அங்கே வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகிவிட்டன. விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தால் கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள் "காட்சி"யாகத் தெரிவார்கள். இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தால் லயம் தெரியும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலத்திலிருந்து அந்த மலையைச் சுமந்த சமூகம் அது. 1948இல் சட்டம் போட்டு அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் போராடி, அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் 1,350 ஆனது. அந்தக் கணக்கில் உங்கள் ஓர் இரவு அவர்களுக்கு 44 நாள் கொழுந்து. அதற்குப் பிறகு கூட்டியதைச் சேர்த்தாலும் ஒரு மாத வேலையைத் தாண்டும். தேநீரை ரசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் கேட்காமல் அவள் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அவள் அங்கே வேலைக்கு நிற்கிறாள்.

"ரிசோர்ட் வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும்தானே சேர்?" என்று கேட்பீர்கள். கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சாப்பாட்டு மேசைக்கு வரும் அரிசியும் மரக்கறியும் பக்கத்து வட்டையில் வாங்கியதா, கொழும்பிலிருந்து லொறியில் வந்ததா? வயற்காரனின் மகனுக்கு அங்கே கிடைப்பது நிரந்தர வேலையா, சீசனுக்கு மட்டும் வாசலில் நிற்கிற வேலையா? அந்தக் கட்டடம் நிற்கிற காணி நேற்று வரை என்னவாக இருந்தது?

மூன்றாவது கேள்விதான் எங்களுக்குப் பயம் தருவது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் முடியாது. காரணம் இருக்கிறது. வயல் என்பது தனி மனிதனின் துண்டு அல்ல. மேல் வயலின் தண்ணீர் வக்கடை வழியாகக் கீழ் வயலுக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவர் கிரவல் கொட்டி இரண்டு கபானா கட்டினால், சிறுபோகத்தில் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் இல்லை, மாரியில் மேலே இருப்பவருக்கு வெள்ளம். 2024 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பசுமையைக் காட்டிப் பிழைக்கிற தொழில் அந்தப் பசுமையையே நிரப்பித்தான் தொடங்கும் என்றால், அதற்கு அபிவிருத்தி என்று பெயர் வைக்காதீர்கள்.

இனி பிள்ளைகள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த முதல் பாடங்களில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப் போ என்பது. நம் பிள்ளைகளுக்கோ பக்கத்து வட்டை தெரியாத இடம், ரிசோர்ட் வயல் தெரிந்த இடம். கதிர் எப்போது குடலை கட்டும், பெரும்போகம் எப்போது தொடங்கும் என்று கேட்டால் வகுப்பில் மௌனம். அதே பிள்ளை சேற்றில் நிற்கும் போட்டோவுக்கு நூறு லைக். விவசாயம் என்பது காசுள்ளவர்கள் விளையாடுகிற விளையாட்டு, அதைத் தொழிலாகச் செய்வது தோற்றவர்களின் வேலை என்று அந்தப் பிள்ளை வளர்ந்தால், இருபது வருடத்தில் இந்த வட்டையில் இறங்க ஆள் இருக்காது.

"என் காசு, என் விருப்பம்" என்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர் விவசாயி இலாபம் வந்ததா நட்டம் வந்ததா என்று பார்க்காமல், தண்ணீர் பாய்ச்சி விளைந்த நெல்லில் இருபதில் ஒன்றை ஸகாத்தாக ஒதுக்குகிறார். விளைச்சலில் மற்றவருக்கும் உரிமை உண்டு என்பது அவருக்குத் தெரியும். அந்த வயலின் அழகை வைத்துச் சம்பாதிப்பவரிடமும், காசு கொடுத்து அதை அனுபவிப்பவரிடமும் அதே நீதியை எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். புக் பண்ணுவதற்கு முன் மேலே சொன்ன மூன்று கேள்வியையும் போனில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தை விட்டுவிட்டு, விவசாயக் குடும்பங்களே நடத்தும் சிறிய தங்குமிடங்களைத் தேடுங்கள். வருடத்துக்கு வேண்டிய அரிசியில் இரண்டு மூடையையாவது தெரிந்த விவசாயியிடம் நேரே, அவர் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். வயல் நிரப்பப்படுவதைக் கண்டால் ஸ்டேட்டஸ் போடுவதோடு நிற்காமல் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒவ்வொரு வெட்டுக் காலத்திலும் ஒரு நாள் பிள்ளைகளை வட்டைக்கு அனுப்ப ஒத்துழையுங்கள். அங்கே பாடம் எடுக்க வேண்டியவர் விவசாயி. அவருக்கு அன்றைய நாட்கூலியைச் சங்கமே கொடுக்கட்டும்.

வயல் பார்க்க ஆசையா? இன்று அஸருக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் வட்டைப் பக்கம் போங்கள். அங்கே நுழைவுச் சீட்டு கிடையாது. வரம்பில் நிற்கும் மனிதருக்கு ஸலாம் சொல்லுங்கள். இந்தப் போகம் எப்படி என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பிள்ளையும் கேட்கட்டும்.