சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா?



சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019-இல் நடப்புக்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் தெரிந்த முகங்களோடு பழகிய பிள்ளை, திடீரென இடைநிலைப்பள்ளியின் மலாய்மொழிச் சூழலில், பாடத்துக்கொரு ஆசிரியர் முன் நிற்கிறான். மணியடித்ததும் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளையை அடம்பிடிக்கிறான் என்றே புது ஆசிரியர் நினைப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது; பிள்ளையின் நிலையை யாரும் அவரிடம் சொல்லவில்லையே!

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பே பிள்ளையை இடைநிலைப்பள்ளிக்கு அழைத்துப்போய் வகுப்பறை, சிற்றுண்டிச்சாலை, கழிப்பறை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். எது அவனைக் கலங்கவைக்கும், எது அமைதிப்படுத்தும் என்று பழைய ஆசிரியர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். மலாக்கா தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதை இந்த ஆண்டே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தாய்,
புக்கிட் பெருவாங், மலாக்கா