வால்பேப்பருக்குப் பின்னால் ஒரு மேப்

2024 ஜனவரியில் ஜேம்ஸ் வெப் எடுத்த 19 சுழல் கேலக்ஸிகளின் படங்கள் வெளியாகின. வால்பேப்பருக்கு செம! ஆனால் விஷயம் அழகில் இல்லை.

இதே 19 கேலக்ஸிகளையும் சிலி நாட்டிலுள்ள ‘மியூஸ்’ கருவி ஏற்கெனவே புள்ளி புள்ளியாக அலசியிருந்தது. வெப்பமான வாயு சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் பளிச்சிடும். அதை வைத்து நட்சத்திர ஒளியிலிருந்து அதைப் பிரித்துவிடலாம். நட்சத்திரம் பிறக்கும் குளிர்ந்த வாயுவைக் காட்டுவது ‘அல்மா’.

இரண்டு மேப்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், குளிர்ந்த மேகமும் ஒளிரும் வாயுவும் பல இடங்களில் சேர்ந்தே இல்லை. காரணம் கொஞ்சம் விநோதம்தான். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் தாய் மேகத்தையே சில பத்து லட்சம் ஆண்டுகளில் ஊதிக் கலைத்துவிடுகின்றன. மேகத்தில் சில சதவீதம்தான் நட்சத்திரமாகிறது. மீதி வீண் இல்லை, பின்னால் வேறு மேகமாகச் சேரும்.

இந்த டேட்டா ஆன்லைனில் இலவசம். பைதான் தெரிந்தால் போதும், தோண்டிப் பார்க்கலாம்.