பார்வையற்றவருக்கு ஏன் தொப்பியைத் தூக்கினார்?

பாரிஸில் பெயர்பெற்ற வக்கீல் கிளமான்ஸ். ஏழை எளியவர்களின் வழக்கு என்றால் முதல் ஆளாக நிற்பார். பார்வையற்றவர் யாராவது சாலையைக் கடக்கத் தவித்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்துச் செல்வார். மறுபுறம் விட்டதும் தொப்பியைத் தூக்கி மரியாதையும் செய்வார்.

பார்வை இல்லாதவருக்கு அந்த மரியாதை எப்படித் தெரியும்? தெரியாது. அது தெருவில் நிற்பவர்களுக்கானது!

ஆல்பெர் காம்யு 1956-ல் பிரெஞ்சில் எழுதிய 'வீழ்ச்சி' நாவலின் நாயகன்தான் இந்த கிளமான்ஸ். ஆம்ஸ்டர்டாமின் மதுக்கடை ஒன்றில் சந்தித்த ஒருவரிடம் தன் கதையை அவரே சொல்கிறார்.

ஒரு நவம்பர் மாதம். நள்ளிரவு தாண்டிய நேரம், தூறல். செய்ன் நதிப் பாலத்தில் கறுப்பு உடையில் ஓர் இளம்பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிளமான்ஸ் கடந்து போகிறார். கொஞ்ச தூரத்தில், தண்ணீரில் விழும் சத்தம். பிறகு அலறல். நிற்கிறார், திரும்பிப் பார்க்கவில்லை. அலறல் அடங்குகிறது. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். அடுத்த சில நாட்கள் செய்தித்தாளையே தொடவில்லை.

'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். இருத்தலியல் அதை ஏற்பதில்லை. எதையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்கிறார் சார்த்தர். காம்யு தன்னை இருத்தலியல்வாதி என்று அழைத்துக்கொள்ளவில்லை. ஆனால், அந்தக் கேள்வியிலிருந்து தன் நாயகனை அவர் தப்பவிடவும் இல்லை.

சுயநலத்தில் செய்த உதவியெல்லாம் பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பாராட்டுக்காகவே செய்திருந்தாலும், அந்தப் பார்வையற்றவர் பத்திரமாகச் சாலையைக் கடந்துவிட்டார். ஆனால் அந்த நல்ல குணம், பார்க்க ஆள் இருக்கும்வரைதான் தாங்கும். நள்ளிரவுப் பாலத்தில் யாரும் இல்லை. தண்ணீரோ குளிர்ந்து கிடந்தது.

சரி, இப்போது மனம் திறந்து சொல்லிவிட்டாரே, திருந்திவிட்டாரா? அதுவும் இல்லை. தன் குற்றத்தைச் சொல்லி, கேட்பவரையும் குற்றவாளியாக உணரவைத்து, பிறகு அவருக்கே நீதிபதியாகிவிடுவது கிளமான்ஸின் உத்தி. மனம் வருந்துவதிலும் சுயநலம்!

இன்னொரு வாய்ப்பு கிடைத்தால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவாரா? நாவலின் கடைசியில் அதையும் யோசிக்கிறார். நல்லவேளை, காலம் கடந்துவிட்டது என்று நிம்மதி அடைகிறார்.

படிப்பவர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. அவர்கள் கடக்கவேண்டிய பாலங்கள் இன்னும் இருக்கின்றன.