ஆசிரியப் பயிற்சியின் வாயிலில்

பட்டப்படிப்பு முடிவுகள் வெளிவந்த சில கிழமைகளுக்குள், ஆண்டுதோறும் பல்லாயிரவர் தமிழிளைஞர் ஆசிரியப் பட்டத்திற்கு விண்ணப்பம் இடுகின்றனர். கல்வியியல் இளவர் என்பது அப்பட்டத்தின் பெயர்; மக்கள் வழக்கில் பி.எட். உழவர் வீட்டிலும் கூலித்தொழிலாளர் வீட்டிலும் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர் அவருள் பலர். பெயர், ஊர், பிறந்த நாள், மதிப்பெண் என்று அவர்கள் நிரப்பித் தரவேண்டியவை பல. அவற்றினூடே, விண்ணப்பத்தின்போதோ சேர்க்கையின்போதோ, ஒரு சிறு வினாவும் வந்து நிற்கின்றது. ‘எம்மொழி வழியாகப் பயில விரும்புகின்றீர்?’ என்பதே அது. முன்பின் எண்ணாமல், பக்கத்திலிருப்பவர் எழுதியதைப் பார்த்து, ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிட்டுப் போகின்றவர் பலர். அவ்வொரு சொல்லால் தமக்கும் தம் மொழிக்கும் நேரும் இழப்பு எவ்வளவு என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்வார் இலர். அதனைச் சொல்லவே இவ்வாசிரியவுரை.

ஆசிரியர் யார், எத்தகையவர் என்னும் வினாவைத் தமிழர் பிறரிடமிருந்து கற்றவரல்லர். நன்னூல் செய்த பவணந்தியார், நூலின் வாயிலிலேயே நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டினார். அத்தோடு அமையாது, ஆசிரியராகத் தகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமைகள் வகுத்தார். முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. ஒருவன் வேலிக்குள் வேரூன்றி, அவன் ஊற்றிய நீரைக் குடித்து வளர்ந்து, காயை மட்டும் அடுத்தவன் தோட்டத்தில் உதிர்ப்பது. இன்று நம் ஆசிரியக் கல்வி நிற்கும் நிலைக்கு இதனினும் பொருந்தும் உவமை வேறொன்றில்லை. தமிழ் மக்கள் தரும் வரிப்பணத்தில் வளர்ந்து, தமிழ்ப் பிள்ளைகட்குப் பயன்படவேண்டிய பயிற்சி, தன் காயை வேற்றுமொழித் தோட்டத்திலன்றோ உதிர்க்கின்றது!

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. இந்நாட்டில் ஆசிரியர்க்கெனப் பயிற்சியிடம் முதன்முதல் தோன்றிய இடங்களுள் ஒன்று, நம் தரங்கம்பாடி. தேனிய சமயத் தொண்டர்கள் 1716-இல் அதனைத் தொடங்கினர். பின்னர் 1856-இல் சென்னையில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டைக் கல்லூரியாயிற்று. தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு நாட்டு மொழியிலும், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கு ஆங்கிலத்திலும் பயிற்சி என்னும் பிரிவு வெள்ளையராட்சியில் வேரூன்றியது. கீழ்வகுப்புக்குத் தமிழ், மேல்வகுப்புக்கு ஆங்கிலம் என்னும் அந்த ஏற்றத்தாழ்வு, எல்.டி. பட்டத்தோடு வந்து, பி.டி.யில் நிலைத்து, இன்று பி.எட்.டின் தலைமேலும் அமர்ந்திருக்கின்றது. வெள்ளையன் போனான், அவன் போட்ட நாற்காலி போகவில்லை.

அடுத்து, இப்பட்டத்தின்மேல் ஆளுமை செலுத்துவோர் யாவர் என்பதனையும் எண்ணுதல் வேண்டும். கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலையின்போது 1976-இல் இயற்றப்பெற்ற 42-ஆம் அரசியற் சட்டத் திருத்தம் அதனைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு போயிற்று. ஆசிரியக் கல்விக்கென 1973-இல் அறிவுரைக் குழுவாக மட்டும் அமைக்கப்பெற்ற நாட்டளாவிய குழுமம், 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால், கல்லூரிகட்கு ஒப்புதல் தரவும் மறுக்கவும் வல்ல ஆளுமை பெற்றது. ஓராண்டாக இருந்த படிப்பு 2015-இலிருந்து ஈராண்டாயிற்று. அம்முடிவும் தில்லியிலேயே எடுக்கப்பட்டது. தமிழ்நாடு 2008-இல் தனக்கென ஓர் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தை நிறுவிக்கொண்டது மகிழத்தக்கதே. ஆயினும் அப்பல்கலைக்கழகம் தரும் பட்டத்தின் காலஅளவையும் தகுதியையும் வரையறுக்கும் கோல் இன்னும் நம் கையில் இல்லை.

அக்கோல் மேலும் நீள்கின்றது. 2020-இல் வந்த நடுவணரசின் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியப் படிப்பே அடிப்படைத் தகுதி என்கின்றது. அப்படிப்பில் சேர 2023 முதல் நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத்தேர்வு நடத்தப்பெறுகின்றது. அத்தேர்வைப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். அவற்றுள் தமிழும் ஒன்று. உண்மையை மறைத்துப் பேசுதல் நம் வழக்கமன்று. ஆனால், வினாத்தாள் எம்மொழியில் அச்சாகின்றது என்பதன்று இங்குள்ள சிக்கல். ஓரத்தநாட்டுப் பிள்ளைக்கு யார் பாடம் சொல்லித்தரத் தக்கவர் என்பதை, ஓரத்தநாட்டையே கண்டறியாதவர் முடிவு செய்யலாமா என்பதே சிக்கல். பட்டதாரிகட்கு ஈராண்டுப் படிப்பும் உண்டென்று அக்கொள்கை கூறுகின்றதேயெனின், ஆம், கூறுகின்றது. ஆனால் நான்காண்டுப் படிப்பை நடத்தும் பல்துறை நிறுவனங்களே அதனையும் நடத்தல் வேண்டும் என்றும் அதுவே கூறுகின்றது. தமிழ்நாட்டுக் கல்வியியல் கல்லூரிகளோ பெரும்பாலும் தனித்து இயங்குவன. அவை மூடப்படின் அல்லது வேற்றுரு எடுப்பின், வீட்டிலிருந்து பேருந்தேறிப் போய்ப் படித்துவரும் சிற்றூர்ப் பெண்ணுக்கன்றோ முதலில் கதவடைபடும்? பதினேழு அகவையிலேயே ஆசிரியத் தொழிலைத் தேர்ந்து, நுழைவுத்தேர்வுக்குத் தனிப்பயிற்சி பெறுதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

இவையெல்லாம் நம் கைக்கு எட்டாத இடத்தில் நிகழ்வன. நம் கைக்கு எட்டியவற்றை நாம் என் செய்கின்றோம் என்பதை இனிப் பார்ப்போம்.

தமிழ்வழியில் பயின்றவர்க்கு அரசுப் பணியமர்த்தத்தில் இருபது விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்றது. பள்ளிக்கல்வியை ஆங்கிலவழியில் முடித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் பெற்றோரும் அதன் பயனைக் கொண்டமையால், 2020-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. பணிக்குரிய கல்வித்தகுதி முழுவதையும், பள்ளிப்படிப்பிலிருந்தே, தமிழ்வழியில் பயின்றவர்க்கே இனி அம்முன்னுரிமை. இதன் பொருளை இளைஞர் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். பட்டதாரி ஆசிரியப் பணிக்குப் பி.எட். கட்டாயத் தகுதி. ஆகவே, முதல் வகுப்பிலிருந்து இளங்கலை வரை பதினைந்தாண்டுகள் தமிழிலேயே பயின்ற ஒருவர், கடைசி ஈராண்டில் ‘ஆங்கிலவழி’ என்று எழுதிவிடுவாராயின், பதினைந்தாண்டு உழைப்பால் வந்த உரிமையை ஒரு கையெழுத்தால் துடைத்தெறிந்தவர் ஆகின்றார். களத்துமேட்டுக்கு வந்த நெல்லைக் காற்றில் தூற்றிவிட்டுப் பதரை மூட்டை கட்டிக்கொண்டு போவது போன்றதன்றோ இது!

‘ஆங்கிலவழியில் படித்தால்தான் தனியார் பள்ளியில் வேலை கிடைக்கும்’ என்பர் சிலர். அப்பள்ளிகள் தரும் சம்பளம் எத்தகையது என்பதை அங்குப் பணிசெய்வோரைக் கேட்டால் தெரியும். அதுவும் நிற்க. ஆசிரியப் பயிற்சி என்பது பிள்ளையின் உள்ளத்தை அறியும் பயிற்சி. நாம் பாடஞ்சொல்லப் போகும் பிள்ளை அஞ்சுவதும் ஐயுறுவதும் வினவுவதும் தமிழில். அப்பிள்ளையின் உளவியலை ஆங்கிலச் சொற்களால் உருப்போட்டுத் தேர்வெழுதியவர், வகுப்பில் நின்று பின்னப் பெருக்கலை விளக்கும்போது எச்சொல்லைக் கொண்டு விளக்குவார்? ஆங்கிலத்திற் கற்றதை வகுப்பறையில் அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொல்லும் ஆசிரியரால், பாடமும் தெளிவடைவதில்லை, மொழியும் தெளிவடைவதில்லை. இரண்டும் கலங்கிய குட்டையில் பிள்ளை மீன் பிடிக்கின்றது.

தமிழ்வழியில் நல்ல கல்வியியல் நூல்கள் போதிய அளவில் இல்லை என்னும் குறை உண்மையே. உள்ளவற்றுட் பலவும் ஆங்கில நூல்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றியவை, தமிழறிந்தவர்க்கும் விளங்காதவை. ஆனால் இக்குறை தமிழின் குறையன்று. எழுதவேண்டியவர் எழுதாமையாலும், அச்சிடவேண்டிய அரசும் பல்கலைக்கழகமும் அக்கறை காட்டாமையாலும் நேர்ந்த குறை. கற்போர் குறையுங்கால் நூல்கள் எழா. நூல்கள் எழாவழிக் கற்போர் மேலும் குறைவர். இச்சுழலை யாரேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அதனை அறுக்கும் கத்தி, விண்ணப்பம் எழுதும் இளைஞர் கையிலுள்ள எழுதுகோலே.

இனி, தனியார் வணிகத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழே ஏழு. அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் சேர்த்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கிடைக்கும் இடங்கள் ஏறத்தாழ இரண்டாயிரமே. எஞ்சிய பல நூறு கல்லூரிகள் தனியாருடையவை. அவற்றுள் நேர்மையாக நடப்பனவும் உள. ஆனால், ‘வரவேண்டா, பணம் கட்டினால் போதும், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று கடை விரித்திருப்பனவும் உள என்பதை நாடறியும். ஆண்டுக்கு இருநூறு வேலைநாள். பாடவகுப்பிற்கு எண்பது விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்குத் தொண்ணூறு விழுக்காடு வருகை என்பன ஒழுங்குமுறைகள். ஈராண்டில் இருபது கிழமைகள் பள்ளியில் இருந்து பழகுதல் வேண்டும். இவை ஏட்டில் நிறைந்தும் வகுப்பில் வெறுமையாயும் இருக்குமாயின், அப்பட்டம் வெறுந்தாள். அதனை விற்பவர்மீது மட்டுமன்று, வாங்குபவர்மீதும் குற்றமுண்டு. வராத மாணவராக இருந்து பட்டம் பெற்றவர், நாளை வராத பிள்ளையை எந்த நாவால் கண்டிப்பார்?

பட்டம் பெற்ற பின்னரும் துன்பம் தீர்ந்தபாடில்லை. 2012-இல் நடந்த முதல் ஆசிரியர் தகுதித்தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறியவர் பணிக்குக் காத்திருக்க, 2018-இல் தகுதித்தேர்வின் மேல் இன்னொரு போட்டித்தேர்வு ஏற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் உச்ச நயன்மன்றம், ஏற்கெனவே பணியிலிருந்து ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேலுள்ளோரும் ஈராண்டுக்குள் தகுதித்தேர்வில் தேறல் வேண்டும் என்று தீர்த்தது. தகுதி வேண்டா என்பாரல்லேம் நாம். ஆனால் பட்டம் ஒரு தேர்வு, தகுதி ஒரு தேர்வு, பணி ஒரு தேர்வு என்று அடுக்கிக்கொண்டே போவது, முதலில் தந்த பட்டத்தின்மேல் அரசுக்கே நம்பிக்கையில்லை என்பதனையன்றோ காட்டுகின்றது? பயிற்சியைச் செம்மைசெய்யாது தேர்வுகளைப் பெருக்குதல், ஊற்றுக்கண்ணைத் தூர்வாராது வாளிகளைப் பெருக்குவது போன்றது.

ஆகவே, தமிழ்நாட்டரசை நாம் வலியுறுத்துவன இவை:

1. ஆசிரியக் கல்வி உள்ளிட்ட கல்வி முழுவதும் மாநிலப் பட்டியலுக்கு மீளுதல் வேண்டும். அதுவரை, ஈராண்டுப் படிப்பின் வாயில் சிற்றூர்ப் பட்டதாரிக்கு அடைபடாதவாறு காத்தல் வேண்டும்.

2. மாவட்டத்திற்கு ஓர் அரசு கல்வியியல் கல்லூரியேனும் அமைதல் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் தமிழ்வழி வகுப்புக் கட்டாயமாதல் வேண்டும்.

3. கல்வியியல், உளவியல், பாடம் பயிற்றுமுறை ஆகியவற்றிற்குத் தமிழிலேயே எண்ணி எழுதப்பெற்ற நூல்களை அரசு வெளியிடுதல் வேண்டும்.

4. வருகையை விற்கும் கல்லூரிகளின் இணைப்பு நீக்கப்படுதல் வேண்டும். ஆசிரியப் பணியமர்த்தம் ஆண்டுதோறும் தவறாது நடைபெறுதல் வேண்டும்.

விண்ணப்பிக்கும் இளைஞர்க்கு நாம் கூறுவனவும் உள. சேருமுன் அக்கல்லூரி ஒப்புதலும் இணைப்பும் பெற்றதா என்று பாருங்கள். கட்டும் பணத்திற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். மூலச்சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள்; அடகாக வைத்துவிட்டு வராதீர்கள். பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் பயின்றமைக்கான சான்றுகளை இப்போதே பெற்று வைத்துக்கொள்ளுங்கள், பணிக்காலத்தில் ஓடித்திரியாதீர்கள். பயிற்றுமொழி எதுவென்று கேட்குமிடத்தில் ‘தமிழ்’ என்று எழுதுங்கள். ‘எங்களிடம் தமிழ்வழி இல்லை’ என்று கல்லூரி கூறுமாயின், ஏன் இல்லை என்று கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். கேட்பார் இன்மையாலேயே இல்லாமற் போனவை நம்மிடம் பல.

ஓராசிரியர் முப்பதாண்டுகள் பணிசெய்வாராயின், ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள் என்றாலும் ஆயிரத்திருநூறு பிள்ளைகள் அவர் வாய்மொழியைக் கேட்டு வளர்வர். அவர் தமிழ் செப்பமாயின் ஆயிரத்திருநூறு வீடுகளில் தமிழ் செப்பமாகும். அவர் தமிழ் சிதைந்ததாயின் ஆயிரத்திருநூறு வீடுகளில் சிதையும். மேடைகளில் நாம் முழங்கும் முழக்கத்தினும் ஆற்றல் வாய்ந்தது, கரும்பலகைக்கு முன் நிற்கும் அவ்வொருவர் நா. அந்நாவுக்குப் பயிற்சி தரும் இடத்தைப் பிறர்க்கு விட்டுவிட்டு, வேறெந்த இடத்தில் நின்று நாம் தமிழைக் காக்கப் போகின்றோம்? வாயில் இன்னும் திறந்தே உள்ளது. தமிழிளைஞரே, தலைநிமிர்ந்து உள்ளே செல்லுங்கள். செல்லும்போது உங்கள் மொழியையும் உடன் கொண்டு செல்லுங்கள்!