டிக்கெட்ல வரி குறைஞ்சது சரி, விலை குறைஞ்சதா?



ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு. எடப்பாடியில ஒரு தறித் தொழிலாளி குடும்பத்தோட தமிழ்ப் படம் பார்க்கக் கிளம்புறார்னு வைங்க. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. அடிப்படை விலை தலைக்கு 100 ரூபாய். இந்த ஒரு டிக்கெட்டை வெச்சே எட்டு வருஷ வரிக் கதையைச் சொல்லிடலாம்.

👉 2017 ஜூலை: ஜிஎஸ்டி 18%, அது போக உள்ளாட்சி கேளிக்கை வரி 30%. கணக்குப்படி 148 ரூபாய். இதை எதிர்த்துத்தான் தமிழ்நாடு முழுக்க தியேட்டர்கள் 4 நாள் மூடிக் கிடந்தன.
👉 2017 அக்டோபர்: தமிழ்ப் படத்துக்குக் கேளிக்கை வரி 8%. ஆக 126 ரூபாய்.
👉 2019 ஜனவரி: ஜிஎஸ்டி 12% ஆச்சு. 120 ரூபாய்.
👉 2025: ஜூலையில் கேளிக்கை வரி 4%, செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%. 109 ரூபாய்.

அதாவது 120 ரூபாய் டிக்கெட் இப்ப 109-க்குக் கிடைக்கணும். நாலு பேருக்கு 44 ரூபாய் மிச்சம். கவுன்டர்ல அந்த 44 ரூபாய் உங்க கைக்கு வந்துச்சா?

பொருளாதாரத்தில் இதுக்கு ஒரு பாடமே இருக்கு. வரியைக் கட்டுறது யாருங்கறது வேற, அதோட சுமை கடைசியில் யார் தலையில் விழுதுங்கறது வேற. வரிச்சலுகைக்கும் அதே கதைதான். பெரிய படம், முதல் நாள், ஹவுஸ்ஃபுல். சீட்டு குறைவு, கேட்கிற ஆள் அதிகம். அப்ப வரி குறைஞ்சா விலை ஏன் குறையணும்? அடிப்படை விலையை ஏத்திட்டா மொத்த விலை அப்படியே நிக்கும்.

இது கற்பனை இல்ல. 2006-ல் தமிழ்ப் பெயர் வெச்ச படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. பேர் தமிழ்ல வந்துச்சு. டிக்கெட் விலை இறங்கினதா யாருக்காவது ஞாபகம் இருக்கா? 2019-ல் ஜிஎஸ்டி குறைஞ்சப்பவும், அடிப்படை விலையை ஏத்தி பலனை மக்களுக்குத் தராத தியேட்டர்கள் மேல தேசிய கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆனா 2025 ஏப்ரல் 1 முதல் அந்த மாதிரி புதுப் புகார் எதையும் வாங்குறதில்லைன்னு மத்திய அரசே அறிவிச்சிடுச்சு. அஞ்சே மாசத்துல வரிக் குறைப்பு வருது. காவலாளியை அனுப்பிட்டு கதவைத் திறந்து வெச்ச மாதிரி!

சினிமாவுக்கு வரி குறைக்கவே கூடாதுன்னு நாங்க சொல்லல. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் ஏற்காடு ரோட்டுல நிக்குது. டி.ஆர்.சுந்தரத்தோட அந்த நிறுவனம் 100 படத்துக்கு மேல எடுத்த ஊர் சேலம். சினிமா எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வாரநாள்ல பாதி சீட்டு காலியா ஓட்டுற ஒத்தைத் திரை தியேட்டருக்கு அந்த 11 ரூபாய்தான் கரண்ட் பில்லுன்னா, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அது வெளிப்படையா தெரியணும்.

ஏன்னா, கேளிக்கை வரி போறது உள்ளாட்சிக்கு. 8 ரூபாய் 4 ரூபாய் ஆனப்ப குறைஞ்சது நம்ம சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் வர வேண்டிய பணம். அது பார்க்கிறவனுக்கும் வரலைன்னா, ஊருக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொரு விஷயம். நம்ம பக்கத்து தெருக்கூத்துக் கலைஞர்களுக்கு இந்த வரிக் குறைப்பால ஒரு பைசா பலன் இல்லை. நாட்டுப்புறக் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டியே கிடையாது. இல்லாத வரியை எப்படிக் குறைப்பீங்க? 1966-லேயே பவுமால், போவன்னு ரெண்டு அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் இதை எழுதிட்டாங்க. மத்த தொழில்ல மெஷின் வந்து உற்பத்தி கூடும், கூலி கூடும். மேடைக் கலையில அது நடக்காது. நமக்கு இது சுலபமா புரியும். கைத்தறி போய் விசைத்தறி வந்தா ஒரே ஆள் பல மடங்கு துணி நெய்வார். விடிய விடிய ஆடுற கூத்தை அரை மணி நேரத்துல, பாதி ஆளோட முடிக்க முடியுமா? அங்கே வேண்டியது வரி விலக்கு இல்ல, நேரடி நிதி.

அதனால மூணே கோரிக்கை:

1. ஒவ்வொரு டிக்கெட்லயும் அடிப்படை விலை, ஜிஎஸ்டி, கேளிக்கை வரின்னு மூணையும் தனித்தனியா, கண்ணுக்குத் தெரியற எழுத்துல அச்சடிக்கணும்.
2. கேளிக்கை வரியில எவ்வளவு வந்துச்சுன்னு நகராட்சி வருஷா வருஷம் மக்களுக்குச் சொல்லணும்.
3. அந்த 4 ரூபாயில 1 ரூபாயை உள்ளூர் கூத்துக் கலைஞர்களுக்கு ஒதுக்கணும்.

ஆட்சியில யார் இருந்தாலும் இதைக் கேட்போம். நாளைக்கு நம்ம ஆட்கள் இருந்தாலும் கேட்போம்.

அடுத்த தடவை படத்துக்குப் போனா டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீங்க. விரிச்சு, 109 கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா கவுன்டர்லயே மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, வரி குறைஞ்சது எங்கே போச்சு?"

#டிக்கெட்கணக்கு #எடப்பாடி