காதுக்கும் சொல்லுங்களேன்!

டெங்கு வராமல் தடுப்பது எப்படி என்றால், சுவரொட்டியில் இருக்கிறது என்கிறார்கள். தடுப்பூசி முகாம் எங்கே என்றால், வாட்ஸ்அப்பில் படம் வந்திருக்கிறது என்கிறார்கள். மாத்திரையை எப்போது போடுவது என்றால், கவர்மேல் எழுதியிருக்கிறது என்கிறார்கள். கண் தெரியாதவர் என்னதான் செய்வார்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய காரியம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் மாத்திரை கைக்கு வந்த பிறகு? தடவிப் பார்த்தால் எல்லா அட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மகன் ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டு போய்விட்டால் தேன்கனிக்கோட்டையில் தனியாக இருக்கும் பெரியவர் யாரைக் கேட்பார்? சில சுகர் மாத்திரைகளைத் தவறி இருமுறை போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடும்.

பிரெயிலில் அச்சடித்தால் போதும் என்பார்கள். ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிமேல் மருந்தின் பெயர் பிரெயிலில் இருக்கிறது, இங்கும் வரட்டும். ஆனால் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு, முதுமையில் பார்வை போனவருக்குப் பிரெயில் தெரியாது. கற்கலாம் என்றால் அதே நோயில் விரல் நுனியும் மரத்திருக்கக்கூடும். அவருக்குக் காதுதான் கதி.

இன்னொரு வேதனை, ரத்தப் பரிசோதனை ரிசல்ட். அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் உடம்பைப் பற்றித் தனக்கு முன் ஊருக்குத் தெரிவது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமலா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தது. அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வரும் தகவல்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 42-ஆம் பிரிவு. கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தில் கேப்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை என்று 2021 மே மாதமே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பும் சொன்னது. இன்னும் யார் சொல்ல வேண்டும்?

கோடிக்கணக்கில் செலவழிக்கச் சொல்லவில்லை. தேன்கனிக்கோட்டை எல்லையோரத் தாலுகா. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும். படமாக அனுப்பும் அறிவிப்பைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்தால் போனே படித்துக் காட்டும். ராத்திரி மாத்திரை அட்டையில் ஒரு ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்து, வாய்விட்டு விளக்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்த முகாம் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் அன்றே அதன் ஒலிப்பதிவும் போனுக்குப் போகட்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.